சோழவரம் வெயில் வார்ம்பிளட் குதிரைக்கு ஒத்துவருமா?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் மாதவரம், புழல், செங்குன்றம், பாடியநல்லூர் எல்லாம் தாண்டி, சுமார் இருபத்தைந்து கிலோமீட்டரில் சோழவரம் வரும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து வரும் தண்ணீர் சோழவரம் ஏரியில் தங்கி, பிறகு புழலுக்குப் போகிறது. சாலையிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நோக்கி இரவும் பகலும் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் சோழவரம் என்று சொன்னால், ஏரிக்கு முன்னால் கார் ரேஸ்தான் நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் போர் விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுபாதை இங்கே இருந்தது. போர் முடிந்ததும் அந்தத் தளத்தை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயத்துக்குப் பயன்படுத்தியது. 1950-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் காரும் பைக்கும் இங்கே சீறிப் பாய்ந்தன. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயப் பாதை வந்த பிறகுதான் சோழவரத்தின் சத்தம் அடங்கியது.

அந்த வண்டிகளின் பலத்தை அளந்த சொல் 'குதிரைத்திறன்'. நீராவி இயந்திரத்தை விற்பதற்காக ஜேம்ஸ் வாட் போட்ட கணக்கு அது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். இயந்திரம் சூடேறினால் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். நிஜக் குதிரை சூடேறினால் என்ன செய்வது? சென்னையின் புறநகர்களில் குதிரையேற்றப் பயிற்சி பரவிவரும் இந்தக் காலத்தில், இது வெறும் வேடிக்கைக் கேள்வி இல்லை. அதிலும் ஐரோப்பாவின் குளிரில் வளர்ந்த வார்ம்பிளட் என்ற விளையாட்டுக் குதிரைக்கு இது உயிர்ப் பிரச்னை. அப்படி ஒரு குதிரையைச் சோழவரம் போன்ற ஊரில் கட்டி வைத்தால் அதற்கு என்னவெல்லாம் தேவைப்படும்?

பெயரில் மட்டும்தான் சூடு

வார்ம்பிளட் என்றால் 'வெதுவெதுப்பான ரத்தம்'. ஆனால் எல்லாக் குதிரைகளின் உடல் வெப்பமும் ஒன்றுதான், 37 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை. பெயர் சொல்வது குணத்தை. அரபுக் குதிரையும், கிண்டி ரேஸில் பல தலைமுறையினர் பார்த்த தரோபிரெட்டும் 'சூட்டு ரத்தம்'. துடிப்பும் வேகமும் கொண்ட இவை சட்டென்று மிரண்டுவிடும். ஏர் உழவும் பாரம் இழுக்கவும் ஐரோப்பியர் வளர்த்த கனத்த குதிரைகள் 'குளிர் ரத்தம்'. வலு அதிகம், நிதானம் அதிகம், ஓட்டம் குறைவு. இரண்டு பக்கத்து நல்ல குணங்களையும் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியதுதான் வார்ம்பிளட்.

ஜெர்மனியின் ஹனோவேரியன், ஹோல்ஸ்டைனர், ஓல்டன்பர்க், டிரக்கேனர், நெதர்லாந்தின் டச்சு வார்ம்பிளட், பிரான்ஸின் செல் ஃபிரான்சே எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஹனோவேரியன் இனத்துக்கு ஆதாரமான செல்லே அரசுப் பண்ணை 1735-இல் தொடங்கியது. தொடங்கியவர் ஹனோவரின் ஆட்சியாளராகவும் இங்கிலாந்தின் மன்னராகவும் இருந்த இரண்டாம் ஜார்ஜ். படைக்கும் வண்டிக்கும் விவசாயத்துக்கும் பயன்பட்ட குதிரைகள், டிராக்டரும் டாங்கியும் வந்த பிறகு வேலை இழந்தன. அப்போது வளர்ப்பாளர்கள் விளையாட்டுப் பக்கம் திரும்பினார்கள். இன்று ஒலிம்பிக்கில் தடை தாண்டுவதும், டிரெஸ்ஸாஜ் என்ற நடைக்கலைப் போட்டியில் தாளம் தப்பாமல் அடியெடுத்து வைப்பதும் பெரும்பாலும் இவைதான்.

நின்றால் தோள்பட்டை உயரம் 163 முதல் 173 சென்டிமீட்டர் இருக்கும். எடை 550 முதல் 650 கிலோ. நீண்ட அடி, வலுவான பின்னங்கால், சொன்னதைக் கேட்டு யோசித்துச் செய்யும் மனம் ஆகியவை இதன் அடையாளம். முழு வளர்ச்சிக்கு நாளாகும். தரோபிரெட் இரண்டு வயதிலேயே பந்தயத்துக்குப் போய்விடும். வார்ம்பிளட் மீது சேணம் ஏறுவதே மூன்று, நான்கு வயதில்தான். உச்சத்தைத் தொடும்போது பத்து வயது ஆகியிருக்கும். அவசரப்படுத்தினால் எலும்பு மூட்டில் கோளாறு வரும். வளரும் பருவத்தில் மூட்டுக் குருத்தெலும்பு சரியாக இறுகாமல் போவது இந்த இனத்தில் அடிக்கடி பார்க்கப்படும் குறை. வாங்குவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

வெயிலுக்கு ஒரு கணக்கு

குதிரையின் தசைகள் உழைக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்த வெப்பம் தோல் வழியே வெளியேற வேண்டும். உடல் பெரிதாகப் பெரிதாக, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு குறைந்துகொண்டே போகும். சிறிய பாத்திரத்துக் காபி சீக்கிரம் ஆறிவிடும், அண்டாவில் இருப்பது ஆறாது இல்லையா? அதே கதைதான். ஒல்லியான மார்வாரிக் குதிரையைவிட 600 கிலோ வார்ம்பிளட் திணறுவதற்கு இது முக்கியமான காரணம்.

குதிரைக்காரர்கள் கைவிரலில் போடும் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, அதோடு காற்றின் ஈரப்பதச் சதவீதத்தைக் கூட்ட வேண்டும். மொத்தம் 130-க்குள் இருந்தால் பயமில்லை. 150-ஐத் தாண்டினால் வேலையைக் குறைக்க வேண்டும். 180-ஐ எட்டினால் குதிரையை லாயத்திலிருந்து வெளியே எடுக்கவே கூடாது. இதைச் சோழவரத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். மே மாத மதியத்தில் 100 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்றால் 160. சரி, விடியற்காலையில் ஓட்டலாம் என்று நினைத்தால், 84 டிகிரிக்கு 80 சதவீத ஈரப்பதம் சேர்ந்து 164 ஆகிவிடும்! கடலும் ஏரியும் பக்கத்தில் இருக்கும் ஊரில் காலைக் காற்று குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் ஈரம் நிறைந்தது. அந்தக் காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. நேர்வெயில் இல்லை என்பதால் காலைதான் நல்லது. ஆனால் காலை என்பதாலேயே கவலை இல்லை என்று இருந்துவிட முடியாது.

கடும் உழைப்பில் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை விடும். மனித வியர்வையைவிட அதில் உப்பு அதிகம். வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாது, உப்பும் சேர வேண்டும். லாயத்தில் நக்குவதற்கு உப்புக்கட்டி தொங்கவிடுவதும், வியர்த்த நாளில் தீவனத்தில் உப்பு கலப்பதும் இதற்காகத்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து, வியர்வையே நின்றுபோவது. குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்கு வந்த குதிரைகளில் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே கவனிக்கப்பட்ட நோய் இது. வெயிலில் மூச்சு வாங்கும், மூக்குத் துவாரம் விரியும், தோலோ காய்ந்து கிடக்கும். ரோமம் மங்கி உதிரத் தொடங்கும். 'அட, வியர்க்கவே இல்லையே, நன்றாகப் பழகிவிட்டது' என்று தெரியாதவர்கள் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அதுதான் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டிய நேரம். நிச்சயமான மருந்து இதற்கு இல்லை. நிழல், மின்விசிறி, ஓய்வு, முடிந்தால் குளிர்ந்த ஊருக்கு மாற்றுவது ஆகியவையே வழி.

புதிதாக வந்த குதிரைக்கு இரண்டு, மூன்று வாரம் வேலையை மெல்ல மெல்லக் கூட்டினால் உடல் ஓரளவு பழகும். வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்கத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். 'சூட்டு உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும்' என்று குதிரை வளர்ப்பவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். புழுக்கத்துக்குப் பெயர்போன அட்லாண்டாவில் 1996-இல் ஒலிம்பிக் நடக்கவிருந்தபோது விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். குளிர்ந்த நீர் கெடுதல் செய்யவில்லை, குதிரையைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்தது. ஏரிக்கரை ஊருக்கு இது நல்ல செய்தி. குடிப்பதற்கே நாளைக்கு 30 முதல் 50 லிட்டர் தேவைப்படும் பிராணிக்கு, தண்ணீர் தாராளமாக இருக்கும் இடம்தான் முதல் தகுதி.

கொள்ளு போதுமா?

'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்று நம் ஊரில் பழமொழியே உண்டு. வேகவைத்த கொள்ளு நம் குதிரைகளின் பாரம்பரியத் தீனி. ஆனால் குதிரையின் வயிற்றுக்கு முதலில் வேண்டியது தானியம் இல்லை, நார்ச்சத்து. இவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை சிறியது. காட்டில் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. ஒரே நேரத்தில் நிறைய தானியத்தைக் கொட்டினால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 600 கிலோ குதிரைக்கு நாளைக்கு 9, 10 கிலோ உலர்ந்த புல்லாவது தேவை. அதைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அந்தப் புல்லுக்கு எங்கே போவது? பொன்னேரி, சோழவரம் பக்கம் நெல் வயல்கள் உண்டு. வைக்கோலும் தவிடும் சுலபமாகக் கிடைக்கும். மாட்டுக்கு ஒத்துவருவது குதிரைக்கும் ஒத்துவரும் என்று நினைப்பதுதான் இங்கே தவறு. வைக்கோலில் சத்து குறைவு. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் குறைவு. பால்மாடு வளர்ப்பவர்கள் விரும்பிப் பயிரிடும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. அது இருக்கும் கொஞ்சக் கால்சியத்தையும் உடம்பில் சேரவிடாது. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் இதை ஓரளவு சமாளித்துவிடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது.

தவிடும் இந்தப் புல்லும் மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் என்ன ஆகும்? உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். தாடையும் முக எலும்பும் வீங்கும், கால்கள் இடம் மாறி மாறி நொண்டும். 'பெரிய தலை நோய்' என்றே இதற்குப் பெயர். விலை உயர்ந்த குதிரை, தினமும் வயிறு நிறையத் தீனி, ஆனாலும் எலும்பு உருகிப்போகும்.

இதற்கான மாற்றும் தமிழிலேயே பெயரோடு இருக்கிறது: குதிரைமசால். கோவை, ஈரோடு பக்கம் விளையும் இந்தப் பயறுவகைத் தீவனத்தில் கால்சியமும் புரதமும் நிறைய உண்டு. இதை அளவாகச் சேர்த்து, கொழுக்கட்டைப்புல் போன்ற உலர்புல்லை ஆக்சலேட் அளவைக் கவனித்துக் கொடுத்து, தாது உப்புக் கலவையும் கலந்தால் கணக்கு நேராகும். மீஞ்சூர், பொன்னேரியின் கடலோரப் பக்கம் மணல் தரை என்பதால், தீனியைத் தரையில் போடாமல் தொட்டியில் போடுவது இன்னொரு எச்சரிக்கை. புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படிந்தால் அதுவும் வயிற்றுவலிதான்.

மழை வந்தால் குளம்பு

வெயில் போனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. நாள்கணக்கில் சேற்றில் நின்றால் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாற்றம் வரும். தினமும் நான்கு குளம்பையும் தூக்கிச் சுரண்டி, காயவைத்துப் பார்க்கும் ஒரு ஆள் இருந்தால் இது வராது. லாயத்தின் தரை உயரமாக, தண்ணீர் வடியும்படி இருக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். உழவு மாட்டுக்கு லாடம் அடித்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்த காலம் போய்விட்டது. விளையாட்டுக் குதிரைக்கு லாடம் அடிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது இன்று புல் தேடுவதைவிடக் கடினம்.

மழைக்குப் பின் ஈ வரும். பெரிய கடி ஈக்கள் 'சர்ரா' என்ற ரத்த நோயைப் பரப்பும். காய்ச்சல் விட்டுவிட்டு வரும், குதிரை இளைத்துக்கொண்டே போகும். இந்த நோய்க்கிருமியை 1880-இல் கண்டுபிடித்தவர் கிரிஃபித் எவன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை மருத்துவர். கண்டுபிடித்த இடம் அன்றைய பஞ்சாப். நோய்க்கு வைத்தியம் பார்க்கும் வசதியில் சோழவரத்துக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இதே சாலையில் மாதவரத்தில் இருக்கிறது. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, இன்னும் கொஞ்சம் தள்ளி வேப்பேரியில்.

எழுநூறு ஆண்டுக் குறை

வெளிநாட்டுக் குதிரை தமிழ் மண்ணுக்குப் புதிது இல்லை. சங்க காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் அரேபியா, பாரசீகப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கினார்களாம். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயினவாம். சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்கள், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, அப்படிப்பட்டவர்கள் வரவும் வியாபாரிகள் விடவில்லை என்று அவர் குறைப்படுகிறார். குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம் நடக்கும்!

அதில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனாலும் பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கியவர்கள், அதைக் கவனிக்கும் கைகளுக்குச் செலவு செய்யவில்லை என்ற பாடம் தெளிவானது. பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனி கொஞ்சம் யோசித்தது. ராணுவக் குதிரைகளுக்காக 1824-இல் அது பண்ணை தொடங்கத் தேர்ந்தெடுத்தது, வெப்பம் குறைந்த ஓசூர் மத்திகிரியை. அந்த இடம் இன்றும் அரசுக் கால்நடைப் பண்ணையாக இருக்கிறது.

ஹாங்சோவில் தங்கம்

இந்திய வீரர்கள் வார்ம்பிளட் மீது ஏறிச் சாதித்தது சமீபத்தில்தான். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பெங்களூருவின் ஃபவாத் மிர்சா, செய்னர் மெடிகாட் என்ற குதிரையோடு தனிநபர் வெள்ளியும் அணி வெள்ளியும் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே ஜோடி 23-ஆம் இடம் பிடித்தது. 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் விபுல் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வரும் டிரெஸ்ஸாஜ் அணிப் பிரிவில் தங்கம் வென்றார்கள். 1982 டெல்லிக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்து குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அது. எட்ரோ என்ற குதிரையோடு அனுஷ் தனிநபர் வெண்கலமும் வாங்கினார்.

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு பிரிவு இருக்கிறது. இவர்கள் எல்லாம் வீட்டை விட்டு ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள். குதிரைகளும் அங்கேதான். நோய்த்தடுப்பு விதிகள் காரணமாக, இந்தியாவில் இருக்கும் குதிரையை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவது பெரும் சிக்கல். 2025-இல் மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடை மருத்துவ மையம், குதிரை நோய்கள் இல்லாத தனிப் பகுதியாகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றது. நம் மண்ணில் பழகிய குதிரை இங்கிருந்தே போட்டிக்குப் போகும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. அந்தக் கதவு வழியே போவதற்குத் தகுதியான லாயங்கள் நம் ஊரிலும் வேண்டும்.

பிள்ளைகளை அனுப்பும் முன்

சோழவரம் வெயில் வார்ம்பிளட்டுக்கு ஒத்துவருமா என்றால், வெயில் மட்டும் எதையும் முடிவு செய்யாது என்பதே பதில். நிழலும் தண்ணீரும் சரியான புல்லும், தினமும் குளம்பைத் தூக்கிப் பார்க்கும் ஆளும் இருந்தால் வாழும். இல்லாவிட்டால் எந்த இனக் குதிரையும், நம் நாட்டு மார்வாரியே ஆனாலும், இங்கே வதைபடும்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் குதிரையேற்ற வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கட்டணம் கட்டும் முன் லாயத்தை ஒரு சுற்று சுற்றி வரலாம். தொட்டியில் சுத்தமான தண்ணீர் இருக்கிறதா? வகுப்பு இல்லாத நேரத்தில் குதிரை முன்னால் புல் இருக்கிறதா, வெறும் சுவரா? விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா? சேணம் உரசிய புண் முதுகில் உண்டா? நிழலில் சும்மா நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவைதான் மூச்சு விடும். விலாப்பக்கம் ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரம் வைத்து எண்ணிவிடலாம். அதைவிட மிக வேகமாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

கடைசியாக, குதிரைக்காரரிடம் குதிரையின் பெயரைக் கேளுங்கள். பெயர், வயது, எது பிடிக்கும், எதற்கு மிரளும் என்று அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனால் அது நல்ல லாயம். பிள்ளையை நம்பி ஏற்றிவிடலாம்.